போதகர் அம்மா

கரவெட்டி

அன்புள்ள மருமகனுக்கு,

பிள்ளைக்குக் குருத்துவ அபிஷேகம் என்று நீர் எழுதிய கடிதம் நேற்றுக் கிடைத்தது. நெல்லியடிச் சந்தையால் வந்த களைப்போடு படலையடியில் நின்றே வாசித்து முடித்தேன். வாழ்த்தை அவளுக்குத் தனியாக எழுதுவேன். இது உமக்கு.

நான் குருமனையில் இருந்த காலம் முழுக்கச் சனம் என்னைப் போதகர் அம்மா என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பெயருக்கு அபிஷேகம் தேவைப்படவில்லை. மாமாவைக் கட்டினதே போதும். இனி அவளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் போதகர் என்பதாலோ, போதகரான உம்மைக் கட்டினதாலோ? அதைச் சனத்துக்கு விளங்கப்படுத்த வேண்டியவர் நீர்.

செத்தவீட்டுக்குக் கூப்பிட வருவார்கள். படலையில் நின்று, "ஐயா நிற்கிறாரோ?" என்பார்கள். முறை அவளுடையதென்றால், "அம்மா வருவா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பாரும். கூடப் போய்ப் பக்கத்தில் நின்றீரோ, செபத்தை அவள் சொன்னாலும் சனம் உம்முடைய முகத்தைத்தான் பார்க்கும். மாமா நல்ல மனுஷன். ஞாயிற்றுப் பிரசங்கத்தைச் சனி இரவு என்னோடு கதைத்துத்தான் ஆயத்தப்படுத்துவார். அதை ஒருநாளும் கோயிலில் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

உம்மிடம் மிஷனரி வின்ஸ்லோவின் அகராதி இருக்கிறதல்லவா? 1862இல் வந்தது, 67,000க்கு மேற்பட்ட சொற்கள். நம் பிள்ளை படித்த உடுவில் பள்ளி, அவரும் மனைவி ஹரியட்டும் சேர்ந்து 1824இல் தொடங்கியது. ஹரியட் 1833இல் யாழ்ப்பாணத்திலேயே கண்ணை மூடினார். இரண்டு வருஷம் கழித்து வின்ஸ்லோ அவரைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். அவளைப் பற்றி நாலு பேர் முன்னால் சொல்ல நீர் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.

நம் தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் அபிஷேகம் கிடைத்தது 1976இல், எலிசபெத் பால். நந்தியாலில் புஷ்பலலிதா முதல் பெண் பேராயரானது 2013இல். நடுவில் 37 வருஷம்! சட்டம் எப்போதோ இடம் கொடுத்துவிட்டது, சனத்தின் மனம்தான் இன்னும் கொடுக்கவில்லை. திருவிருந்து நாளில் பாரும், நம் பிள்ளை அப்பம் கொடுக்கும் பக்கத்தை விட்டு உம்முடைய பக்கத்துக்கு மெல்ல நகரும் கிழவர்கள் இருப்பார்கள். சண்டைக்குப் போகாதேயும். அப்பத்தட்டை அவளிடமே விட்டுவிட்டு, நீர் சனத்தோடு சனமாக முழங்காலில் நின்று அவள் கையால் வாங்கும். நகர வேறு பக்கம் இராது.

இன்னொன்று. இருவரும் ஒரே சபையில்தானே, ஒரு சம்பளம் போதாதோ என்று யாராவது நல்ல மனதோடு கேட்கக்கூடும். அவள் வாய் திறக்குமுன் நீரே போதாது என்று சொல்லும்.

மாரிக்கு முந்தி இருவரும் வாருங்கள். ஒடியல் மா வைத்திருக்கிறேன். கூழ் நீர் காய்ச்சும். பிள்ளை என்னோடு விறாந்தையில் இருக்கட்டும்.

அன்புடன்,
மாமி