செய்தியாளராகச் சென்ற மருத்துவரின் கடமை எது?



சென்ற மாத வகுப்பில் ஃபர்ளு ஐன், ஃபர்ளு கிஃபாயா பற்றிப் படித்தோம். முதலாவது ஒவ்வொருவர் மீதும் தனித்தனியாக உள்ள கடமை. மற்றது, சிலர் செய்துவிட்டால் ஏனையோர் மீதிருந்து நீங்கிவிடுவது. ஜனாஸா தொழுகையை உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மருத்துவக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளை ஒருவர் எழுந்தார். ஒரு மருத்துவர் டிவி செய்தியாளராகப் பேரிடர் நடந்த இடத்துக்குப் போகிறார், அங்கே அடிபட்டுக் கிடப்பவருக்கு வைத்தியம் பார்ப்பது அவர் மீது எந்த வகைக் கடமை என்று கேட்டார். இஷாவுக்கு பாங்கு சொல்லிவிட்டதால் அன்று பேச்சு பாதியில் நின்றது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

உண்மையிலேயே நடந்த விஷயம் இது. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டி நாட்டில் 7.0 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் வீடுகளோடு மருத்துவமனைகளும் இடிந்தன. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அனுப்பிய நிருபர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். சி.என்.என். நிருபர் சஞ்சய் குப்தா மூளை அறுவை சிகிச்சை நிபுணர். பிறந்து 15 நாளே ஆன ஒரு குழந்தையின் தலைக்காயத்தைத் தெருவில் வைத்தே பார்த்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஓர் இரவு, தற்காலிக மருத்துவ முகாம் ஒன்றில் இருந்த பெல்ஜிய மருத்துவர்கள் பாதுகாப்பு இல்லையென்று கிளம்பிவிட, சுமார் 25 நோயாளிகளோடு விடியும்வரை அவரும் அவர் குழுவினரும் இருந்தார்கள். சில நாளில் அமெரிக்கக் கடற்படையே அவரை அழைத்தது. கார்ல் வின்சன் கப்பலில், தலைக்குள் கான்கிரீட் துண்டு புகுந்த 12 வயதுச் சிறுமி இருந்தாள். கப்பலில் மருத்துவர்கள் உண்டு, மூளை அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை.

2003 இராக் போரிலும் இப்படித்தான். ராணுவ மருத்துவக் குழுவோடு செய்தி சேகரிக்கப் போனவர், இரண்டு வயது இராக்கியக் குழந்தைக்கு அறுவை செய்தார். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை.

ஹெய்ட்டி சமயத்தில் அமெரிக்கத் தொழில்முறைப் பத்திரிகையாளர் சங்கம் ஓர் எச்சரிக்கை விட்டது. செய்தியாளர் தாமே செய்தியின் பகுதியாகிவிடக் கூடாது என்பது அதன் சாரம். உயிருக்குப் போராடுபவர் முன்னால் இது கல்நெஞ்சாகத் தெரியலாம். ஆனால் அதில் நியாயமும் இருக்கிறது. யாரோடு சேர்ந்து வேலை செய்தோமோ அவர்களுடைய குறையை எழுதக் கை வராது. மேலும், கேமரா போகும் தெருவில் கிடப்பவருக்குத்தான் அந்த வைத்தியம் கிடைக்கும். அதைவிட மோசமான நிலையில் அடுத்த சந்தில் ஒருவர் கிடக்கலாம்.

மாணவரின் கேள்விக்கு வருவோம். ஆற்றில் ஒருவர் மூழ்குகிறார். கரையில் நீந்தத் தெரிந்தவர் பத்துப் பேர் இருந்தால் கடமை பத்துப் பேருக்கும் பொது. ஒருவர் மட்டுமே என்றால் அது அவர் கழுத்தில் வந்து விழுகிறது. அவர் அங்கே எந்த வேலையாக வந்தார் என்பது அப்போது கணக்கில் வராது. கப்பலில் நடந்தது அதுதான். அந்த இரவு முகாமிலும் அதுதான். "நான் செய்தியாளன்" என்று சொல்லி அவர் ஒதுங்கியிருக்க வழியே இல்லை.

ஆனால் வேறு மருத்துவர்கள் வந்துவிட்டால் அந்தக் கடமை அவரைவிட்டு நீங்குகிறது. அப்போது அவர் தம் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது என் கருத்து. செய்தி சொல்வதும் ஒரு பொதுக்கடமைதானே? மருத்துவர்கள் போய்விட்டார்கள் என்று உலகம் அறிந்ததே அந்தச் செய்தியால்தான். எல்லா நிருபரும் ஸ்ட்ரெச்சர் தூக்கப் போய்விட்டால், மருந்து எங்கே தேங்கிக் கிடக்கிறது என்று கேட்க ஆள் இருக்காது.

எனக்கு உறுத்துவது கேமராதான். நிய்யத்தை அல்லாஹ் அறிவான், குப்தாவின் உள்ளத்தில் முகஸ்துதி இருந்ததா என்று பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் நோயாளியின் மேல் கை வைத்த நிமிடத்திலிருந்து அவர் மருத்துவர். அங்கே கண்டதும் கேட்டதும் அமானிதம். வைத்தியம் பார்க்கட்டும், கேமராவை அணைத்துவிட்டுப் பார்க்கட்டும். நிலைமையைச் சொல்ல அந்த முகம் தேவையில்லை. நோயாளியிடம் சம்மதம் கேட்டால் போதாதா என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன மழைக்காலத்தில் நம் அறக்கட்டளை நடத்திய மருத்துவ முகாமில், காலில் புண்ணோடு வந்த ஒரு தாய்க்கு மருத்துவர் கட்டுப் போடும் படத்தை இதே இதழில் முகம் தெரியப் போட்டோம். சில நாள் கழித்து அவருடைய மகன் அலுவலகத்துக்கு வந்தார். கோபப்படவில்லை. "உம்மா படத்தை ஏன் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். சம்மதம் கேட்டுத்தான் எடுத்தோம், தலையாட்டினார்களே என்றேன். வேண்டாம் என்று சொன்னால் மருந்து தர மாட்டார்களோ என்று பயந்து தலையாட்டினாராம்.

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். கேட்டவர் மருந்தையும் கையில் வைத்திருந்தால், அந்தத் தலையாட்டலுக்குச் சம்மதம் என்று பெயர் வைக்க முடியுமா?

நன்கொடையாளர்களுக்குப் படம் காட்டினால்தான் பணம் வரும் என்று நிர்வாகக் குழுவில் சிலர் சொன்னார்கள். வாங்கிய மருந்தின் பில்லையும் வந்தவர்களின் எண்ணிக்கையையும் காட்டுவோம் என்று முடிவானது. இந்த இதழில் முகாம் படங்கள் இல்லாததற்குக் காரணம் இதுவே.