சூடான ஊரில் பிலிம் கழுவ எந்த வழி?

கறுப்பு வெள்ளை பிலிமுக்கான டெவலப்பர் குறிப்புகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை வைத்தே நேரம் சொல்கின்றன. 'இந்து' பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்ட ஊட்டியில் அதற்குப் பெரிய பாடில்லை. விருத்தாசலத்தில் சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டிவிடும். ஆகவே இங்கே எந்தக் கம்பெனி மருந்து என்பதைவிட, சூட்டை எப்படிச் சமாளிப்பது என்பதே முதல் கேள்வி.

சூட்டுக்குத் தக்கபடி நேரத்தைக் குறைப்பது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எச்பி5 பிளஸ் பிலிமை நீர் சேர்க்காத ஐடி-11 டெவலப்பரில் கழுவ 20 டிகிரியில் ஏழரை நிமிடம் ஆகும். 24-இலேயே அது ஐந்துக்கு இறங்கிவிடும். அதற்கும் கீழே போனால், மருந்தை ஊற்றி வடிக்கும் நொடிகளே படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

ஐஸ் வைத்து 20-க்குக் கொண்டுவருவது அடுத்த வழி. ஐஸை மருந்துக்குள் போடாமல் வாளியில் போட்டு, பாட்டில்களை அதில் நிறுத்துங்கள். டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டுக் குழாயடியில் அலசினால், சூளையிலிருந்து அவசரப்பட்டு எடுத்த சாமானின் கிளேஸ் போல பிலிமின் ஜெலட்டின் விரிசல் விடலாம். இரட்டைக் குளியல் டெவலப்பர் சூட்டைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கான்ட்ராஸ்டைக் கூட்டவோ குறைக்கவோ அதில் வழியில்லை. இரண்டாம் குளியலின் சில துளிகள் முதலாவதில் விழுந்தால் மருந்தும் கெடும்.

என் ஓட்டு 24 டிகிரிக்கு. ஐடி-11-ஐ ஒன்றுக்கு ஒன்று நீர் கலந்தால் 20 டிகிரியில் 13 நிமிடம், 24-இல் சுமார் 9. கொஞ்சம் ஐஸ் போதும், அவசரமும் இல்லை. ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் எல்லாம் அதே சூட்டில் இருக்கட்டும். ஓடும் குழாய் வேண்டாம். இல்ஃபோர்டு முறைப்படி டேங்கை மூன்று தடவை நிரப்பி 5, 10, 20 முறை கவிழ்த்து வடித்தால் போதும். மாதம் ஒரு ரோல்தான் என்றால் ரோடினால் டெவலப்பர் வாங்குங்கள். கிரெயின் தடிக்கும், ஆனால் திறந்த பாட்டில் வருஷக்கணக்கில் கெடாது.

நெகட்டிவ் வெளிறி வந்தால் உடனே மருந்தைத் திட்ட வேண்டாம். ஓரத்தில் உள்ள எண்களைப் பாருங்கள். அவையும் வெளிறியிருந்தால் டெவலப்பிங் போதவில்லை. அவை கறுப்பாக இருந்து படம் மட்டும் வெளிறினால் கேமராவில் வெளிச்சம் போதவில்லை. அதற்கு மருந்து கிடையாது. பால் போல மங்கினால் புது ஃபிக்ஸரில் மறுபடி போடுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். பிறை வடிவக் கறை தெரிந்தால் ரீலில் ஏற்றும்போது பிலிம் மடங்கியிருக்கிறது.

ரீல் விஷயத்தில் நான் எஃகுக் கட்சி. பிளாஸ்டிக் ரீல் பழகச் சுலபம்தான், ஆனால் வியர்த்த கையோடு சேஞ்சிங் பேக்குக்குள் ஏற்றினால் பாதியில் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றால் ராத்திரியில் ஏற்றுங்கள், ரீல் எலும்பாகக் காய்ந்திருக்கட்டும்.

போர் தண்ணீரின் உப்பு காய்ந்து புள்ளியாக நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். பக்கத்தில் செராமிக் பட்டறை இருந்தால், தூசி ஒட்டாமலிருக்க பிலிமைக் குளியலறையில் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, ஃபேன் காற்றுப் படாமல் காயவிடுங்கள்.