கையில் எழுதிய எண்

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்லாமல், எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாதே. அவசரத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை.

இந்தக் கோடைக்கு உங்கள் குளத்து நீச்சல் அணிக்கு நீதான் டீம் ரெப், அணிப் பொறுப்பாளர். பக்கத்துக் குளத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி பட்டர்ஃபிளையில் பறக்கிறாள். அவளுடைய அம்மாவிடம் பேசி, சேர்க்கைக் கட்டணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, நம் பக்கம் கூட்டிவந்துவிடலாம் என்று கமிட்டியில் ஒருவர் சொல்கிறார். “எல்லாரும் செய்றதுதானே பெரியம்மா” என்றாய்.

செய்யாதே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதைப் பொறுமையாகப் படி.

அமெரிக்காவில், வெர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸுக்கு நாங்கள் வந்த புதிதில் இந்த நீச்சல் லீக் எனக்கு விளங்கவே இல்லை. தாமிரபரணியில் சுரைக்குடுவையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகியவள் நான். இங்கே சனிக்கிழமை விடிகாலையில் ஒரு குடியிருப்பே துண்டும் நாற்காலியுமாகக் குளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஒரு அம்மா வந்து என் கையில் ஸ்டாப்வாட்சைத் திணித்து, “லேனுக்கு மூன்று பேர் நேரம் பார்க்கணும், ஒரு ஆள் குறையுது” என்றாள். அன்றைக்கு லேன் ஓரத்தில் போய் நின்றவள்தான், பத்துக் கோடைக்கு மேல் அங்கேயே நின்றேன். மூன்று வாட்சில் நடுவில் வரும் நேரம்தான் கணக்கு என்பதும், பட்டர்ஃபிளையில் ஒரு கையால் சுவரைத் தொட்டால் எட்டு வயதுக் குழந்தையாக இருந்தாலும் தகுதியிழப்புதான் என்பதும் அங்கே நின்று படித்த பாடம். நம் ஊர்க்காரர்கள் பலரைப் போல எனக்கும் அக்கம்பக்கத்து முகங்கள் பழக்கமானது கோயிலில் இல்லை, அந்தக் குளத்தங்கரையில்தான்.

உன் அண்ணனுக்கு அப்போது பத்து வயது. மெலிந்த உடம்பு, வேகம் கிடையாது. ஆனால் பட்டர்ஃபிளையில் இரண்டு கையும் ஒன்றாக எழும், ஒன்றாகச் சுவரைத் தொடும். நான்கு கோடை வரிசையாகத் திங்கட்கிழமை நடக்கும் இரண்டாம் நிலைப் போட்டியான பி மீட்டில் மட்டும் நீந்திக்கொண்டிருந்தான். ஐந்தாவது கோடையில் ஒரு புதன்கிழமை, தின்பண்டக் கடை பக்கத்துப் பலகையில் சனிக்கிழமை நடக்கும் முதன்மைப் போட்டியான ஏ மீட்டுக்கான பட்டியலை ஒட்டினார்கள். ஒன்பது-பத்து வயதுப் பையன்களின் பட்டர்ஃபிளையில் மூன்றாவது பெயர் அவனுடையது. கறுப்பு மார்க்கரை யாரிடமோ வாங்கி, முன்னங்கையில் 33 என்று போட்டியின் எண்ணைப் பெரிதாக எழுதிக்கொண்டு வந்தான். சனிக்கிழமை காலையில் எழுத வேண்டிய எண் அது. அவனால் பொறுக்க முடியவில்லை. அன்று இரவு குளிக்கும்போது அது அழியாமல் இருக்கக் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே குளித்தான்.

வியாழக்கிழமை மாலை பலகையில் வேறு பட்டியல் இருந்தது. வேறு குளத்திலிருந்து மூன்று வேகக்காரப் பிள்ளைகளை எங்கள் அணிப் பெரியவர்கள் பேசி அழைத்து வந்திருந்தார்கள். அதில் ஒருவன் பட்டர்ஃபிளை. மார்க்கர் மை தண்ணீருக்குப் போகாது, சோப்புக்கும் சுலபத்தில் போகாது. வெயிலுக்குத் தடவுகிற சன்ஸ்கிரீனைத் தேய்த்தால் போய்விடும். பெரிய பிள்ளைகள் யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சமையலறை ஓரத்தில் நின்று தானே தடவித் தேய்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. தோல் சிவந்து, எண் இருந்த இடம் மட்டும் சாம்பல் பூத்தது போல் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஜெயித்தோம். அந்த வருஷம் டிவிஷனிலும் முதலிடம் வந்தோம். அடுத்த கோடையில் உன் அண்ணன் பேர் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாக வந்த அந்தப் பையன் நீந்திய லேனில் நேரம் பார்த்தவள் நானேதான். முதலாவதாக வந்து, தொப்பியைக் கழற்றி, மூச்சு வாங்கிக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிற “நல்லா நீந்தினே கண்ணு” என்கிற வார்த்தையை அவனுக்கு மட்டும் நான் சொல்லவில்லை. நேரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெரியவர்கள் செய்த காரியத்துக்குப் பத்து வயதுக் குழந்தையிடம் கோபத்தைக் காட்டினேன். இன்றைக்கும் என்னால் அதை மறக்க முடியவில்லை. நாளைக்கு நீ கூட்டிவரப்போகிற அந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு முகம் காத்திருக்கும். யாருடைய பெயரையோ அழித்துவிட்டு வந்தவள் என்று அவளுக்குத் தெரியாது. குளத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

கணக்காகவும் பார். உங்கள் நார்த்தர்ன் வெர்ஜீனியா லீக்கில் ஒரு ஏ மீட் என்பது தனிப்போட்டி 40, ரிலே 12. தனிப்போட்டியில் முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. ரிலேயில் ஜெயித்த அணிக்கு 5, தோற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆக மொத்தம் 420 புள்ளி. ஒரு பிள்ளை இரண்டு தனிப்போட்டிக்கு மேல் நீந்த முடியாது. நீ கமிட்டியையே இரண்டாகப் பிளந்து கூட்டிவருகிற நட்சத்திரம் இரண்டிலும் ஜெயித்தாலும் பத்துப் புள்ளி, ரிலே புள்ளி கொஞ்சம். ஆனால் போட்டிக்கு மூன்று பேர் என்றால் உன் அணிக்கு 120 இடம் இருக்கிறது. அதை நிரப்பக் குறைந்தது 60 பிள்ளைகள் வேண்டும். அந்த அறுபது பேரும் அவர்களுடைய அப்பா அம்மாக்களும் விடியற்காலையில் மனசோடு எழுந்து வந்தால்தான் உனக்கு அணி. பத்துப் புள்ளிக்காக அவர்கள் மனசைக் கெடுத்துவிடாதே.

நீச்சல் தெரிந்தவர்கள் மூன்றாமிடத்தின் ஒற்றைப் புள்ளியை அலட்சியம் செய்ய மாட்டார்கள். எதிரணிக் குழந்தை ஒரு கையால் சுவரைத் தொட்டுத் தகுதியிழக்க, மெதுவாக வந்தாலும் ஒழுங்காக நீந்தி முடித்த நம் குழந்தைக்கு அந்தப் புள்ளி கிடைக்கும். எத்தனையோ மீட்டுகள் அப்படித்தான் தீர்ந்திருக்கின்றன. கோச்சிடம் சொல்லி, எட்டு வயதுக்குட்பட்ட வாண்டுகளின் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதையைத் தினம் பதினைந்து நிமிஷம் திருத்தச் சொல். ஆகஸ்டில் என்னிடம் வந்து சொல்லுவாய்.

டிவிஷன் விஷயத்தையும் யோசி. பலமான குளம் பலமானவற்றோடும், சுமாரான குளம் சுமாரானவற்றோடும் மோதும்படி, அணிகளின் நேரங்களை வைத்து வருஷா வருஷம் ஆறு ஆறாகப் பிரிக்கிறார்கள். 1956இல் தொடங்கிய லீக் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். எந்தக் குளமும் தன் அளவுக்குத் தக்க எதிரியோடு நீந்தலாம். கூட்டிவந்த பிள்ளைகளை வைத்து மேலே ஏறினால், அவர்கள் போன பிறகு மேல் டிவிஷனில் நின்று அடிவாங்குவது உள்ளூர்ப் பிள்ளைகள்தான். எங்களுக்கு அதுதான் நடந்தது. அந்த மூன்று பேரும் அடுத்த வருஷம் வேறெங்கோ போனார்கள். ஐந்து மீட்டிலும் தோற்றோம்.

நம் ஊர்க் கபடிப் போட்டிகளில் வெளியூர் ஆளை இறக்குவார்களே, நீயும் பார்த்திருப்பாய். அங்கே பரிசுத்தொகை உண்டு, ஆடுகிறவர்கள் வளர்ந்தவர்கள், தெரிந்தே வருகிறார்கள். இங்கே பரிசு ஒரு ரிப்பன். வேகமான பிள்ளைகளுக்கு வருஷம் முழுவதும் பயிற்சி தருகிற கிளப்புகள் இருக்கின்றன. தேசிய அளவுக்குப் போக வேண்டியவர்கள் அங்கே போகட்டும், போகிறார்கள். கோடை லீக் அதற்காக உண்டானதில்லை.

ஆனால் மகளே, இங்கே கொஞ்சம் நிதானமாகப் படி. நான் சொன்னதை நீ தலைகீழாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. வெளிக்குளத்துப் பிள்ளை யாரும் வேண்டாம், நம் தெருக்காரர்கள் மட்டும் போதும் என்று உங்கள் கமிட்டியில் யாராவது கிளம்பினால், அதற்கும் நீ எதிரில் நிற்க வேண்டும். இந்தக் குளங்களின் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் ஒரு கசப்பான கதை இருக்கிறது. உன் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியிலேயே லிட்டில் ஹண்டிங் பார்க் என்று பூங்காவும் குளமும் நடத்திய ஒரு குடியிருப்புச் சங்கம் இருந்தது. சல்லிவன் என்கிற வெள்ளையர் தன் வீட்டை ஃப்ரீமன் என்கிற கறுப்பினத்தவருக்கு வாடகைக்கு விட்டு, வீட்டோடு சேர்ந்த உறுப்பினர் பங்கையும் எழுதிக் கொடுத்தார். சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்த்துக் கேட்ட சல்லிவனையும் வெளியேற்றியது. 1969இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. மேரிலாந்துப் பக்கம் வீட்டன்-ஹேவன் என்று இன்னொரு குளம், முக்கால் மைலுக்குள் குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை, மொத்தம் 325 குடும்பம் என்று விதி வைத்திருந்தது. அந்த எல்லைக்குள் வீடு வாங்கிய கறுப்பினத் தம்பதிக்கு விண்ணப்பப் படிவம்கூடக் கொடுக்கவில்லை. 1973இல் அதையும் நீதிமன்றம் தடுத்தது. இரண்டுக்கும் ஆதாரமாக நின்றது 1866ஆம் வருஷத்துக் குடிமை உரிமைச் சட்டம். நீயும் நானும் கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கேள்வியில்லாமல் உள்ளே நுழைந்தோமே, அந்தக் கதவு தானாகத் திறந்ததில்லை.

அதனால் தேடிப் போகாதே, தேடி வந்தவர்களைத் தடுக்காதே. வீடு மாறி வருகிற பிள்ளை, அப்பாவும் அம்மாவும் பிரிந்து பாதி வாரம் உங்கள் பக்கம் இருக்கிற பிள்ளை, சினேகிதி நீந்துகிறாள் என்று ஆசைப்பட்டு வருகிற பிள்ளை, பழைய குளத்தில் யாரோ கிண்டல் செய்ததால் வருகிற பிள்ளை, எல்லாரும் வரட்டும். அவர்கள் நேரம் என்ன என்பதைச் சேர்த்துக்கொண்ட பிறகு கேள். லீக் கையேட்டில் உள்ள தகுதி விதி, உங்கள் குளத்துக் காத்திருப்போர் பட்டியல், இரண்டும் வேகமான பிள்ளைக்கும் மெதுவான பிள்ளைக்கும் ஒன்றுபோல இருக்கட்டும். எத்தனை குடும்பங்கள் இடத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கின்றன என்பது உனக்குத் தெரியும். பட்டர்ஃபிளை நன்றாக நீந்துகிறாள் என்பதற்காக அவர்களைத் தாண்டி ஒருத்தியை உள்ளே விட்டால், அதற்குப் பிறகு அந்த வரிசையை யாரும் மதிக்க மாட்டார்கள்.

கூப்பிடுவது எப்போதும் கூப்பிடுவது மாதிரி இருக்காது, அதையும் கவனி. குளிர்காலக் கிளப்பில் உங்கள் கோச் வேலை பார்ப்பார். அங்கே போகிற போக்கில், “கோடையில் எங்களோடு வாயேன்” என்பார். பதினாறு வயதுப் பையனிடம், உதவிப் பயிற்சியாளர் வேலை தருகிறோம், அப்படியே நீந்தவும் செய் என்பார்கள். ரிலேயில் கடைசி ஆள் நீதான் என்று வாக்குக் கொடுப்பார்கள். சீசன் தொடங்குமுன் உன் கோச்சை உட்காரவைத்துத் தெளிவாகப் பேசிவிடு. சின்ன வயதுக்காரர், உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் அவருக்கும் நிம்மதி.

உங்கள் குளத்தைச் சுற்றிப் பிள்ளைகள் குறைந்து, பதின்மூன்று-பதினான்கு வயதுப் பெண்கள் பிரிவில் லேன் காலியாக இருக்கிறது என்றால், அது வேறு பிரச்சினை. தொடக்கப்பள்ளியில் அறிவிப்பு ஒட்டு. நீச்சல் வகுப்புக்கு வருகிற அம்மாக்களிடம் பேசு. நம் தமிழ்ப் பள்ளிக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு அணி இருப்பதே தெரியாது! யாரைக் கூப்பிட்டாலும் எல்லாரையும் கூப்பிடு. பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு ஒருத்தியை மட்டும் கூப்பிடாதே.

கேட்டி லெடெக்கியை உனக்குத் தெரியும். நதிக்கு அந்தப் பக்கம், மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டி லீக்கில், பாலிசேட்ஸ் என்கிற அக்கம்பக்கத்துக் குளத்தில் ஆறு வயதில் அண்ணனோடு சேர்ந்து நீந்தத் தொடங்கியவள். 2012இல், பதினைந்து வயதில், லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வாங்கினாள். ஆறு வயதில் ஒரு பிள்ளையைப் பார்த்து, இவள் யாராக வருவாள் என்று எந்தக் கமிட்டியும் சொல்லிவிட முடியாது. உங்கள் பட்டியலில் இப்போது மூன்றாவது பெயராக இருக்கிறவளும் யாரென்று உனக்குத் தெரியாது.

அந்தக் கமிட்டிக்காரரிடம் கோபப்படாமல் சொல். அவரும் பிள்ளைகள் ஜெயிக்கட்டும் என்ற ஆசையில்தான் கேட்கிறார். அந்தப் பெண்ணின் அம்மாவாகவே உன்னிடம் வந்தால், படிவத்தைக் கொடு, பட்டியலில் அவர்களுக்கு எத்தனையாவது இடம் என்று சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை நான் வருகிறேன். நேரம் பார்க்க எனக்கும் ஒரு வாட்ச் எடுத்துவை. பதினொன்று-பன்னிரண்டு வயதுப் பெண்கள் பட்டர்ஃபிளையில் உங்கள் மூன்றாவது பெயர் எந்த லேனோ, அந்த லேனில் என்னைப் போடு.

அன்புடன்,
உன் பெரியம்மா