கடல் தாண்டக் கடன் வேண்டாம்

பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது வெளிநாடு காட்டிவிட வேண்டும் என்ற ஆசை நடுத்தரக் குடும்பங்களில் இப்போது இயல்பாகிவிட்டது. ஆனால் "நமக்கெல்லாம் எட்டாது" என்று ஒதுங்குவோர் ஒரு பக்கம், விளம்பரத்தைப் பார்த்துக் கடனில் போய்வந்து மாதக்கணக்கில் தவணை கட்டுவோர் இன்னொரு பக்கம். இரு சாராரையும் தடுமாற வைப்பது அரைகுறைத் தகவல்தான். முதல் பயணத்துக்கு மலேசியா நல்ல தேர்வு. சென்னை, திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு. சுமார் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். அந்த நாட்டை வைத்தே பார்ப்போம்.

நம்பிக்கை: விசா தேவையில்லை என்றால் பாஸ்போர்ட் மட்டும் போதும்.

உண்மை: 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்க மலேசியா அனுமதிக்கிறது, இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்கான பணம் ஆகியவற்றுக்கு ஆதாரம் கேட்கலாம். காட்ட முடியாதவர்களைத் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இது முற்றிலும் இலவசம். இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் உடனே வெளியேறிவிடுங்கள்.

நம்பிக்கை: பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். முத்திரை இருந்தால் மலேசியா போக முடியாது.

உண்மை: பத்தாவது முடிக்காத அம்மாவையோ அத்தையையோ பல வீடுகளில் இந்தப் பயத்தாலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த முத்திரை குறிக்கும் குடிபெயர்வு அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். சுற்றுலாவுக்கு அது தேவையில்லை. திரும்பும் டிக்கெட்டும் ஓட்டல் பதிவும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். 50 வயதைக் கடந்தவர்கள் அந்த முத்திரை இல்லாத பாஸ்போர்ட்டுக்கே தகுதியானவர்கள்.

நம்பிக்கை: செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் டிக்கெட் போட்டால் மலிவு.

உண்மை: விமான நிறுவனங்கள் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. கீழ் அடுக்கு தீர்ந்ததும் அடுத்த விலை. ஆகவே நீங்கள் எந்தக் கிழமை பதிவு செய்கிறீர்கள் என்பதைவிட, எந்த நாளில் பறக்கிறீர்கள் என்பதே பெரிது. மே விடுமுறை, தீபாவளி, சீனப் புத்தாண்டு ஆகிய நாட்களில் கட்டணம் ஏறும். பள்ளி திறந்த பிறகு வரும் வார நாட்களில் இறங்கும். மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் கைப்பை மட்டுமே சேர்த்தி, அதுவும் பொதுவாக 7 கிலோ. கூடுதல் பெட்டிக்கு டிக்கெட் போடும்போதே பணம் கட்டிவிடுங்கள். விமான நிலையக் கவுன்ட்டரில் அதற்கு இன்னும் அதிகம் கேட்பார்கள்.

நம்பிக்கை: டூர் பேக்கேஜ்தான் எப்போதும் சிக்கனம்.

உண்மை: வயதானவர்களோடு போகும்போதும் பெரிய குழுவாகப் போகும்போதும் பேக்கேஜ் உதவும். ஆனால் விளம்பரத்தில் தெரியும் தொகையில் மதியச் சாப்பாடு, நுழைவுச்சீட்டு, டிப்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். வரியும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். டிக்கெட்டையும் ஓட்டலையும் நீங்களே தனித்தனியாகப் பதிவு செய்தால் இந்தப் பிடித்தம் வராது.

நம்பிக்கை: அங்கே போய் இறங்கிவிட்டால் செலவு கைமீறிவிடும்.

உண்மை: தெரிந்து இறங்கினால் மீறாது. கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் அதிவேக ரயிலில் பெரியவர் ஒருவருக்கு 55 ரிங்கிட் (மலேசியப் பணம்). நான்கு பெரியவர்களுக்கு 220. பேருந்தில் வந்தால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நான்கு பேர் சேர்ந்து கிராப் வாடகைக் காரில் வந்தாலும் ரயிலைவிடக் குறைவு. பத்துமலைக்கு கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து கொம்யூட்டர் ரயில் நேரே போகிறது, சில ரிங்கிட்தான். 272 படி ஏறிக் குகைக்கோயில் முருகனைப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது. பசித்தால் மாமாக் கடை இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த அந்தக் கடைகளில் ரொட்டி சானாயும் தே தாரிக் தேநீரும் சாப்பிட்டு ஒரு வேளையை எளிதாக ஒப்பேற்றலாம். பினாங்கு போக நினைத்தால் பட்டர்வொர்த் வரை ரயில், அங்கிருந்து ஃபெர்ரி.

பலர் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று உண்டு. வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. ஓட்டல் வாடகை முன்கூட்டியே கட்டியிருந்தாலும் இதை ஓட்டலிலேயே தனியாகக் கேட்கலாம்.

நம்பிக்கை: கார்டில் ரூபாயாகக் கட்டுவதே நல்லது.

உண்மை: கடையில் கார்டைத் தேய்த்ததும் மெஷின் திரையில் இரண்டு தொகைகள் வரலாம், ஒன்று ரூபாயில், ஒன்று ரிங்கிட்டில். தெரிந்த பணமாயிற்றே என்று ரூபாயைத் தொட்டால், அங்கேயே போட்ட மாற்று விகிதத்தில் ஒரு லாபமும் சேர்ந்துவிடும். எப்போதும் ரிங்கிட்டையே தேர்ந்தெடுங்கள். உங்கள் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பதைக் கிளம்பும் முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை போகிறது.

நம்பிக்கை: இன்ஷூரன்ஸ் வீண் செலவு. பணம் போதாவிட்டால் கடன் வாங்கிப் போய்வரலாம்.

உண்மை: மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இன்ஷூரன்ஸ்; சேர்க்கக் கூடாத செலவு வட்டி. வெளிநாட்டில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாலே மொத்தப் பயணச் செலவையும் அது விழுங்கிவிடலாம். வட்டியோ, ஊர் திரும்பிய பிறகும் மாதாமாதம் வந்து நிற்கும்.

சிக்கனப் பயணத்தின் செலவில் பெரும்பகுதி வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. இந்த வருடம் பணம் சேரவில்லையா? பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து வையுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், பெரியவர்களுக்குப் பத்து வருடம் செல்லும். மாதம் ஒரு தொகை ஒதுக்கி, அடுத்த வருடம் பிள்ளைகளோடு போய்வாருங்கள்.