நுழைவுத் தேர்வு: எங்கே தொடங்குவது?

மாணவர்களே! மருத்துவக் கல்லூரிக்கான நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 குறையும். ஆகவே நான்கு விடைகளில் பொருந்தாதவற்றை விலக்கக் கற்பதே நல்ல தொடக்கம். அதற்குரிய கருவி, 11ஆம் வகுப்பு இயற்பியலின் முதல் அலகிலுள்ள பரிமாணப் பகுப்பாய்வு. இதற்குப் பயிற்சி நிலையம் தேவையில்லை.

எடுத்துக்காட்டாக, பட்டினப்பாக்கம் கரையருகே, ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம், ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பொறுத்தது. முடுக்கத்தை ஆழத்தால் வகுப்பதா, பெருக்குவதா? வகுத்தால் மீட்டரே மறைந்துவிடும். பெருக்கினால் மீ²/வி², அதன் வர்க்கமூலமே மீ/வி, அதாவது வேகம். ஆழம் 2.5 மீ, முடுக்கம் 10 மீ/வி² எனில் வேகம் 5 மீ/வி.

சூத்திரத்தில் வரும் வெறும் எண்களைப் பரிமாணம் காட்டாது; அவற்றைப் பாடத்தில்தான் அறியவேண்டும். இன்றே பழைய வினாத்தாள் ஒன்றை எடுங்கள். அலகுகளைக் கொண்டே எத்தனை விடைகளை விலக்கமுடிகிறதென்று எண்ணிப் பாருங்கள்.