50 வயதுக் கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள்

லண்டனில் ஒரு பெண்ணுக்கு என்எச்எஸ்ஸின் முதல் மார்பகப் பரிசோதனைக் கடிதம் 50 வயதைத் தொட்ட பிறகுதான் வரும். சிறு வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற புற்றுநோய்க்கு நெஞ்சில் ரேடியோதெரபி எடுத்தவளுக்கு அது மிகவும் பிந்திய கடிதம். 10 முதல் 35 வயதுக்குள் மார்பில் கதிர் பட்டவர்களுக்கு இங்கே தனிக் கணக்கு: ஆண்டுதோறும் எம்ஆர்ஐ. பதின்வயதில் பட்டிருந்தால் 25 வயது, அல்லது கதிர் பட்டு 8 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அப்போது தொடங்கும். 2003இல் இங்கிலாந்து சுகாதாரத் துறை இத்தகைய பெண்களைப் பழைய பதிவேடுகளில் தேடி எச்சரித்தது. இலங்கையின் மகரகமவிலோ சென்னை அடையாறிலோ சிகிச்சை பெற்று இங்கு வந்தவர்களின் பெயர் அந்தப் பதிவேடுகளில் எப்படி இருக்கும்?

சிறு வயதுச் சிகிச்சைக்குப் பின் இப்படி வருவது பழைய நோய் திரும்புவது அல்ல, புதிய புற்றுநோய். பிரிட்டனில் 1940 முதல் 1991 வரை புற்றுநோய் கண்டு 5 ஆண்டு தாண்டிப் பிழைத்த 17,981 பிள்ளைகளைப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் பின்தொடர்ந்தார்கள். 2011இல் வெளியான கணக்கில் 1,354 புதிய கட்டிகள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 4 மடங்கு. பெரும்பாலானோருக்கு ஒன்றும் வரவில்லை என்பதையும் அதே கணக்குதான் சொல்கிறது.

செய்ய வேண்டியவை

• சிகிச்சைச் சுருக்கத்தைக் கையில் வாங்குங்கள். என்னென்ன மருந்து, மொத்த அளவு எவ்வளவு, உடலின் எந்தப் பகுதியில் எத்தனை கிரே கதிர், அப்போது வயது என்ன, மரபணுச் சோதனை முடிவு என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "கீமோ குடுத்தவங்க" என்று மட்டும் சொன்னால் பத்து நிமிட அப்பாயின்ட்மென்டில் ஜிபி என்னதான் செய்வார்? எட்டோபோசைட் போன்ற மருந்தால் வரும் ரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகளிலேயே தலைகாட்டும். கதிரால் வரும் கட்டிகள் பெரும்பாலும் 10 ஆண்டு தாண்டித்தான் வரும். எதைக் கவனிப்பது என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். இங்குள்ள மருத்துவமனையிடம் உங்கள் பதிவைக் கேட்பது சட்ட உரிமை. பொதுவாக ஒரு மாதத்துக்குள், காசில்லாமல் தர வேண்டும். ஊரில் சிகிச்சை என்றால், அடுத்த முறை போகும்போது கோப்பின் நகலை எடுத்து வாருங்கள்.

• பிள்ளைகள் மருத்துவமனையை விட்டு வெளியேறும் வயதில் சிகிச்சையின் பின்விளைவுகளைக் கவனிக்கும் 'லேட் எஃபெக்ட்ஸ்' கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு ஊர் மாறினால் புதிய ஜிபியிடம் பதிந்துகொள்ள வேண்டும். கண்காணிப்பு அறுந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

• கதிர் பட்ட இடத்தைத் தெரிந்து வைத்திருங்கள். கவனிக்க வேண்டியவை: கழுத்து என்றால் தைராய்டுக் கட்டி; தலை என்றால் தீராத தலைவலி, வலிப்பு, பார்வை மாற்றம்; தோல் என்றால் ஆறாத புண். கறுத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்பது இங்கே செல்லாது.

• கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் வந்த பிள்ளை என்றால் ஆர்பி1 மரபணுச் சோதனை முடிவைக் கேளுங்கள். பரம்பரை வகையானால் பின்னாளில் எலும்பு, தசைப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு கூடும். தம்பி தங்கையரையும் பார்க்க வேண்டும். இந்தக் கண் நோய்க்குப் பிரிட்டனில் இரண்டே மையங்கள். அவற்றில் ஒன்று வைட்சாப்பலில் உள்ள ராயல் லண்டன்.

• பள்ளியில் எச்பிவி தடுப்பூசி தரும்போது தவறவிடாதீர்கள், ஆண் பிள்ளைக்கும்தான்.

செய்யக்கூடாதவை

• வயிற்றில் கதிர் எடுத்தவருக்கு மலத்தில் ரத்தம் கண்டால் மூலம், உடற்சூடு என்று கைவைத்தியம் பார்க்காதீர்கள். மேலே சொன்ன பர்மிங்காம் ஆய்வில் இவர்களுக்கு 50 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.4 விழுக்காடு, நெருங்கிய உறவினர் இருவருக்கு அந்நோய் வந்தவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். என்எச்எஸ்ஸின் மலப் பரிசோதனைக் கிட் 50 வயதுக்கு முன் வீட்டுக்கு வராது.

• சிகரெட் வேண்டாம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

• பயத்தில் காசு கொடுத்து முழு உடல் ஸ்கேன் எடுக்காதீர்கள். இப்போது சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு, இதைப் படித்துவிட்டு ரேடியோதெரபி வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். முதல் நோயிலிருந்து காப்பாற்றுவது அதுதான்.

• மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் என்எச்எஸ் இலவசமாகத் தரும்.

• மறைக்காதீர்கள். "கலியாணப் பேச்சு கெட்டுப்போகும்" என்று, மகளிடம் அவளுக்கு வந்தது புற்றுநோய் என்பதையே சொல்லாமல் 'ஒரு கட்டி, எடுத்தாச்சு' என்று வளர்க்கும் வீடுகள் நம்மிடம் உண்டு. நெஞ்சில் கதிர் பட்டிருந்தால், 25 வயதில் எம்ஆர்ஐ கேட்டு வாங்க வேண்டியவள் அவள்தான். இந்த வார இறுதியில் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.