செய்து பார்த்தால்தான் புரிகிறது. எந்தப் படிப்பில் சேர்வது?

கேள்வி: ஐயா, நான் காட்டாங்குளத்தூர். பிளஸ் டூ முடித்துவிட்டேன். கட் ஆஃப் 186. வகுப்பில் உட்கார்ந்து கேட்டால் எதுவும் ஏறுவதில்லை. ஆனால் வீட்டில் மிக்சி, தண்ணீர் மோட்டார் எல்லாம் நானே கழற்றிப் பூட்டுவேன். ஒரு முகாமில் தேர்வு வைத்து, நான் 'செய்து கற்பவன்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படியானால் மெக்கானிக்கல்தான் என்கிறார் அப்பா. மாமாவோ கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார். எனக்கு எது ஒத்துவரும்?

பதில்: தம்பி, முதலில் அந்தச் சீட்டை ஓரமாக வை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அதற்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க உண்டு. 2008இல் ஹெரால்ட் பாஷ்லர் முதலான நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, அதற்குப் போதிய சான்று இல்லை என்றே எழுதினார்கள். அந்தச் சீட்டை நம்பி நான்கு வருடப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதே.

ஆனால் மோட்டாரைப் பற்றி நீ எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன். தப்பாகப் பூட்டினால் மோட்டார் ஓடாது. தப்பு அப்போதே தெரிந்துவிடும், நீயும் அப்போதே திருத்துவாய். உனக்குப் பிடித்தது ஸ்பேனர் மட்டுமல்ல, உடனே கிடைக்கிற அந்த விடையும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிப் பார்த்தால் மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புரோகிராமும் மோட்டார் மாதிரிதான், ஒரு எழுத்து தவறினாலும் முரண்டு பிடிக்கும். மெக்கானிக்கல் என்றால் நாள் முழுக்க ஒர்க் ஷாப் என்று நினைத்துச் சேர்ந்து, கணிதத்திலும் தெர்மோடைனமிக்ஸிலும் அரியர் வைத்துத் தவித்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் படிப்பின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைத் திற. ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே எல், டி, பி, சி என்று நான்கு கட்டங்கள் இருக்கும்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் விரிவுரை, எத்தனை டுடோரியல், எத்தனை செய்முறை, மொத்தம் எத்தனை கிரெடிட். எட்டு செமஸ்டருக்கும் 'பி' கட்டத்தைக் கூட்டிப் பார். பிறகு மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று பார். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரிக்கு அக மதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60 என்று இருந்தது; நீ சேரும் ஆண்டின் விதிமுறையைப் பார்த்துக்கொள். லேபுக்கு அந்த 2021 விதிமுறையில் அப்படியே தலைகீழ். தன்னாட்சிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தாங்களே விதி வகுத்துக்கொள்வதால், ஒவ்வொன்றையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

தாளில் இருப்பதெல்லாம் லேபில் நடக்கும் என்றும் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ள நீ தூரம் போக வேண்டாம். உன் ஊருக்குப் பக்கத்திலுள்ள போத்தேரி ஸ்டேஷனில் மாலையில் இறங்குகிற, ஏறுகிற பொறியியல் மாணவர்களைக் கேள். போன வாரம் லேபில் நீங்கள் கையால் என்ன செய்தீர்கள்? ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? செய்த நேரம் அதிகமா, ரெக்கார்டு எழுதிய நேரம் அதிகமா? 'பிளேஸ்மென்ட் எப்படி?' என்று கேட்பதைவிட இந்தக் கேள்விகள் உனக்கு உதவும்.

கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் மெக்கானிக்கல் சாண்ட்விச் படிப்பையும் பார். ஐந்து வருடம், படிப்போடு தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்ந்து வரும். ஒரு வருடம் கூடுதல் என்று பலர் ஒதுக்குகிறார்கள். உன்னைப் போன்றவனுக்கு அந்த வருடம் வீண் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். சென்ற ஆண்டு கடைசி கட் ஆஃப் எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கவுன்சலிங் விருப்பப் பட்டியலில் சேர். பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரும் வழியும் உண்டு. அதைத் தாழ்வாக நினைக்காதே.

ஆன்லைன் படிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பு அருமையானதுதான். ஆனால் வீடியோ பாடம், வாராவாரம் அசைன்மென்ட். தனியாக உட்கார்ந்து முடிக்கிற பழக்கம் வந்த பிறகு அதை யோசிக்கலாம்.

எங்கே சேர்ந்தாலும் தியரி இருக்கும், தம்பி. அதையும் மோட்டார் போலக் கழற்றிப் பார்க்கலாம். ஒரு பக்கம் படி, புத்தகத்தை மூடு, நினைவில் இருப்பதை எழுது, திறந்து ஒப்பிடு. திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட இப்படித் தங்களையே சோதித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்ததை ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் சோதித்துக் காட்டினார்கள். கவுன்சலிங்குக்கு நாள் இருக்கிறது. இன்று இரவே இயற்பியலில் உனக்குப் பிடிக்காத பாடம் ஒன்றை எடுத்து இப்படிச் செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுது.